தம்பி பெயரில் ஒரு காண்ட்ராக்ட்

குடிகாடு

அன்பு மகன் ராபர்ட்டுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. இங்கே அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான், கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் இதை எழுதி உன் தங்கையிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

அப்பாவைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டோம், வலது கண்ணில் இனிப் பார்வை வராதாம், இருமலும் நிற்கவில்லை. கம்பெனியின் ரசாயனத் தொட்டியைக் கழுவ இறங்கும்போதே முகமூடி கேட்டிருக்கிறார், நாளைக்கு வரும் என்றார்களாம். அந்த நாளை இன்னும் வரவில்லை. நீ சொன்னபடி நானும் என் தம்பி அந்தோணிசாமியும் கம்பெனிக்குப் போய்க் கேட்டோம். அந்த ஆபீசர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. உங்க வீட்டுக்காரர் சார்லஸ் எங்க ஆளே இல்லம்மா, காண்ட்ராக்டர் ஆளு, அவரத்தான் கேக்கணும் என்று என் பக்கத்தில் நின்ற உன் மாமாவையே கை காட்டினார். தெருவுக்கு ஒருவன் என்று நம் சனத்துக்குள்ளேயே பெயருக்குக் காண்ட்ராக்டர் வைத்திருப்பது இதற்குத்தான் போலிருக்கிறது. அவன் கையெழுத்துப் போட்ட அன்று, தம்பி பெரிய ஆளாகிவிட்டான் என்று கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

கேஸ் போடு என்கிறாய். கடலூர் வக்கீலம்மா, கம்பெனி மேலயும் போடலாம், ஆனா போலீஸ் மொதல்ல தூக்கறது உங்க தம்பியத்தான் என்கிறார். வேளை தவறாமல் வந்து அப்பா கண்ணுக்கு மருந்து விடுகிறவனே அவன்தான்டா. அவனை எப்படிப் பிடித்துக் கொடுப்பேன்? கொடுக்காவிட்டால் போன கண்ணுக்கு யார் பதில் சொல்வது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இப்போது அதே தொட்டியைத் திங்கட்கிழமை கழுவ வேண்டுமாம். முகமூடி இல்லாமல் யாரும் இறங்க மாட்டேன் என்கிறார்கள், கழுவாவிட்டால் அத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களாம், அதனால் மாமா தானே இறங்கப் போகிறான். மேலே நின்று கயிறு பிடிக்க உங்கப்பா கிளம்புகிறார். நான் வரேன் மச்சான், ஒரு கண்ணு போதும் என்கிறார். கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன், இரண்டு பேரும் கேட்பதாக இல்லை.

நீ வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், ஜெபத்தை விடாதே, ஆண்டவர் உனக்குத் துணையிருப்பார். திங்கட்கிழமைக்கு முன்னால் மாமாவுக்குப் போன் செய்ய மறக்காதே. திட்டாதே, போக வேண்டாம் என்று மட்டும் சொல். கேட்காவிட்டால், கயிற்றை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்.

உன் அம்மா
ராஜாமணி