தோணிப் பசை

2010 ஓகஸ்ட், புதன்கிழமை

காத்தான்குடி ஹனீபா காக்காவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இன்று பொழுதெல்லாம் என் கராஜில்தான். சண்டை முடிந்து பாதை திறந்ததிலிருந்து, அதில் வாகரை வழியே திருகோணமலைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. பழுதைக் காட்டும் என்ஜின் விளக்கு அணைந்தால்தானே! புகையில் மிஞ்சும் காற்றை அளக்கும் ஒட்சிசன் சென்சரை இரண்டு முறை மாற்றியும் விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தது. "இண்டைக்கும் சரிவராட்டி வித்துப்போடுவன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அப்படியொரு கார் இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

சென்சரைக் கழற்றினேன். நுனி வெள்ளையாகப் பூத்திருந்தது. கரி கறுப்பாகத்தானே படியும்? புகைக்குழாயைத் தடவினேன். மூட்டில் வழவழவென்று சிலிக்கன் பசை.

"காக்கா, இது ஆர்ர வேல?"

"நான்தான் தம்பி. புகை ஒழுகிச்சு, பூசினன். சுனாமிக்குப் பொறகு தோணிக்குப் பூசினதும் இதுதான். இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வரல்ல!"

"தோணிக்குச் சரி காக்கா. இஞ்ச சூட்டுல இதுர ஆவி போய் சென்சரக் கொல்லுது."

பசையைச் சுரண்டிவிட்டு, மூட்டை அடைக்கும் புது காஸ்கட்டும் புது சென்சரும் போட்டேன். கல்லடிப் பாலம் வரை ஓடிவிட்டு வந்தோம். விளக்கு எரியவில்லை. காக்கா பாட்டே பாடினார்.

மிஞ்சிய பசையை அவரிடமிருந்து பறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, மாதக்கணக்காக ஒழுகும் குசினித் தண்ணீர்க் குழாயில் பூசினேன். சொட்டு நின்றுவிட்டது.

நாள் முழுக்க மண்டையை உடைத்துக் கார் திருத்தியது நான். பசையின் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தக் காக்கா கெட்டிக்காரன்" என்கிறாள் மனைவி.