ஜாக்கிக்கு அடியில் வைத்த பலகை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உன் அப்பாவின் வாயைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு உன்னோடு ஜாக்கிப் புராணம் பாடத் தொடங்கிவிடுகிறார், அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டுகிறது. கடிதத்தை யாரும் பிடுங்க முடியாதல்லவா.

நடந்ததை நீ அவர் வாயால் கேட்டிருக்கிறாய், இப்போது என்னிடம் கேள். மலைமேல் செல்போன் டவர் போடும் ஆட்களுக்கு நான் சமைத்ததை ஏற்றிக்கொண்டு அன்றும் இரண்டு பேரும் ஜீப்பில் போனோம். மழையில் பாதை சேறும் சகதியுமாகக் கிடந்தது, பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர். பட்டனை அமுக்கினால் தானே தூக்கும் என்று நீ ஆசையாக அனுப்பிய கரண்ட் ஜாக்கி சீட்டுக்கு அடியில் பெட்டியோடு இருந்தது. பஞ்சர் கடைக்காரர் வந்தால் மட்டும் என் பையன் அனுப்பியது என்று திறந்து காட்டுவார், பிறகு மூடிவிடுவார். அன்றைக்காவது அதை எடுங்களேன் என்றேன். அது பொம்மை, இது ஆம்பளை தூக்குற வண்டி என்று சொல்லிவிட்டு, இடுப்புக்கு மேல் உயரமும் நீளக் கைப்பிடியுமாக இருக்குமே அந்தப் பழைய கை ஜாக்கி, அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதில் எந்தக் காலத்துக் கிரீசோ அப்பிக் கிடக்கிறது, தொட்டால் சோப்பு ஒரு கட்டி கரையும். நாலு அமுக்கு அமுக்கினார். அடிப்பாகம் சேற்றில் இறங்கிச் சாய்ந்தது, ஜாக்கி நழுவியது, கைப்பிடி விர்ரென்று எகிறித் தாடையில் அடித்தது. முன்பல் இரண்டும் போயிற்று. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே, ஜாக்கி மேல தப்பு இல்ல, சேறுதான் சரியில்ல என்றாரே, அப்போது வந்த அருவருப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. கட்டின புருஷனைப் பார்த்தா அருவருப்பு என்று கேட்காதே, அந்த வீம்பை நீ பார்த்திருந்தால் உனக்கும் வந்திருக்கும்.

சரி, பிள்ளை அனுப்பியதாவது காப்பாற்றும் என்று உன் ஜாக்கியை எடுத்து வைத்து, ஒயரை மாட்டிப் பட்டனை அமுக்கினால், ஙொய் என்று முனகியது. வண்டி மேலே வரவில்லை, ஜாக்கிதான் சேற்றுக்குள் போயிற்று. கடைசியில் என் கூடையில் இருந்த காய் நறுக்கும் பலகை, தச்சரிடம் சொல்லித் தடிமனாகச் செய்து வாங்கினேனே, அதை ஜாக்கிக்கு அடியில் கொடுத்த பிறகுதான் வண்டி எழுந்தது. இப்போது எத்தனை தேய்த்தாலும் அதில் கிரீஸ் வாடை போகவில்லை, வெங்காயம்கூட அந்த வாடைதான் அடிக்கிறது.

பல் டாக்டர் தையல் போட்டு ஒரு வாரம் பேசக் கூடாது என்றார். மூன்றாம் நாளே பஞ்சர் கடையில் உட்கார்ந்து, தனி ஆளாத் தூக்கினேன் என்று கொழகொழவென்று அளந்துகொண்டிருக்கிறார். நீயும் லேசுப்பட்டவனா. இன்னும் பெரிய கரண்ட் ஜாக்கி அனுப்புகிறேன் என்கிறாய். அவர் அதெல்லாம் வேண்டாம், கை ஜாக்கிக்குப் புதுக் கைப்பிடி அனுப்பு என்கிறார். நீ அதற்கும் சரி என்கிறாய். எத்தனை டன், ஒயர் எவ்வளவு நீளம் என்று துருவித் துருவிக் கேட்டாயே, அந்தப் பலகையை வண்டிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது யார் என்று கேட்டாயா? அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான்தான் சேற்றில் மல்லாந்து படுத்து, சாய்ந்து நின்ற வண்டிக்கு அடியில் இடுப்புவரை போனேன். அச்சு என் மூக்குக்கு நேரே இருந்தது. வண்டி கொஞ்சம் அசைந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. பயத்தில் எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்ததும் உன் அப்பா கேட்ட முதல் கேள்வி, ஜாக்கி நேரா நிக்குதா என்பதுதான்.

இனி இரண்டு பலகையும் சக்கரத்துக்குக் கொடுக்க நாலு கட்டையும் வண்டியில் இல்லாமல் நான் ஏறமாட்டேன், அடியில் போவது யார் என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை, தையலுக்கு நல்லது. நீ கைப்பிடியும் அனுப்பாதே, பெரிய ஜாக்கியும் அனுப்பாதே.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் உன் பெரிய வண்டி மணலில் புதைந்து கிடக்கிறது, நீ கரண்ட் ஜாக்கியின் பட்டனைக் கையில் பிடித்துச் சிரிக்கிறாய். நல்ல படம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்தச் சேற்றில் படுத்து எழுந்த பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். மருமகள் எங்கே என்று தேடினால், வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. காலில் செருப்புக்கூட இல்லை.

இருவரும் நூறாயுசு சேர்ந்து வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. பலகையை நீயே வை.

இப்படிக்கு,
வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்த உன் அம்மா