தெருவிளக்குக்காக ஓடிய புரோகிராமும் முடக்கப்பட்ட என் நூலக அட்டையும்

அனுப்புநர்:
துணிக்கடை பில் கவுண்டர் பணியாளர்,
காலை வகுப்பு, பொது நூலகக் கணினிக்கூடம்.
(கூடத்தில் ‘லூப் அக்கா’ என்று கேட்டால் காட்டுவார்கள்)

பெறுநர்:
அலுவலர் அவர்கள்,
இணையச் சேவைப் பிரிவு,
நகர நிர்வாக அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: முடக்கப்பட்ட நூலக அட்டையை வெள்ளிக்கிழமை வேலைத் தேர்வுக்கு முன் திறந்துவிடவும், உறுதிமொழிப் படிவத்தின் மூன்றாவது வரியை நீக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முறைப்படி இது வருத்தத்துடன் எழுத வேண்டிய மனு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் எழுத எழுதச் சந்தோஷம் குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. தயவுசெய்து பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

1. பைத்தான் என்னும் புரோகிராம் மொழியை அடிப்படையிலிருந்து இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள் என்று நூலக வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சேர்ந்தேன். முதல் நாள் திரையில் சிவப்பு எழுத்தில் என்னவோ வந்ததும் பதறி எழுந்து நின்றுவிட்டேன். என்னைத்தான் திட்டுகிறது என்று நினைத்தேன். எங்கள் பயிற்சியாளர் என்னைவிட மிகவும் இளையவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். திட்டவில்லை அக்கா, எந்த வரியில் தப்பு என்று காட்டிக்கொடுக்கிறது என்றார். தப்பை இவ்வளவு நேராக, முகம் சுளிக்காமல் சொல்லும் ஒருவரை நான் கடையிலும் பார்த்ததில்லை, வீட்டிலும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து எனக்குக் கணினியைப் பிடித்துப்போயிற்று.

2. என் பெயரை நானே எழுதித் திரையில் வரவழைத்த அன்று வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். அவர் வேன் டிரைவர். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வேனை ஓரங்கட்டிவிட்டு எடுத்தவர், விஷயத்தைக் கேட்டதும் இதற்கா இந்தக் கூத்து என்றார். ஆனாலும் ஐயா, அந்தக் கூத்து நிற்கவே இல்லை. ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்ற பாடம் வந்தபோது, அட, இரண்டு சட்டை எடுத்தால் கைக்குட்டை இலவசம் என்று நான் தினமும் வாய் வலிக்கச் சொல்வது இதுதானே என்று வகுப்பிலேயே கத்திவிட்டேன். அடுத்து லூப். சொன்ன வேலையை, போதும் என்கிறவரை திரும்பத் திரும்பச் செய்யும். அதற்கடுத்து ஃபங்ஷன். ஒரு வேலையை ஒருமுறை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் வந்து செய்துவிட்டுப் போகும். எங்கள் வீட்டில் யாரையும் அப்படிக் கூப்பிட்டு வேலை வாங்க என்னால் முடிந்ததில்லை.

3. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று முதலில் இழுத்தவர் என் நாத்தனார். அவர் மகளின் தேர்வு அட்டவணையைத் தேதிவாரியாக அடுக்கித் தரும் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். இப்போது எங்க அண்ணி கம்ப்யூட்டர்ல எழுதுறாங்க என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். கேட்க ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

4. வகுப்பின் கடைசிக் கட்டம், சொந்தமாக ஒரு புராஜெக்ட். உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படுகிற ஒன்றைச் செய்யுங்கள் என்றார் தம்பி. அதைக் கொண்டுபோய்க் காட்டித்தான் வேலை கேட்க வேண்டும். ஒரு பார்சல் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் வரும் வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு. ஆம் ஐயா, எனக்கு! பில் கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கியவளை நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நான் படித்த அழகைப் பார்த்து, லாட்டரி விழுந்துவிட்டதா என்று கடை முதலாளியே கேட்டார்.

5. எங்கள் தெருவிளக்கு மழைக்காலத்துக்கு முன்பே அணைந்துவிட்டது. தங்கள் இணையதளத்தில் புகார் கொடுத்தேன். ‘பரிசீலனையில்’ என்று வந்தது. அப்படியே நின்றது. இதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன். புகாரின் நிலையைப் பார்க்க வேண்டும், ‘சரிசெய்யப்பட்டது’ என்று வரவில்லையென்றால் ‘நினைவூட்டு’ பொத்தானை அழுத்த வேண்டும், ஒரு நாள் பொறுக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். விளக்கு எரிந்ததும் நின்றுவிட வேண்டும். எவ்வளவு மரியாதையான புரோகிராம் என்று தாங்களே சொல்லுங்கள்.

6. நடந்த தவறு இதுதான். பைத்தானில் ஒரு வரியைச் சற்று உள்ளே தள்ளி எழுதினால்தான் அது லூப்புக்குச் சொந்தம். ‘ஒரு நாள் பொறு’ என்ற வரியை நான் தள்ளாமல் விட்டுவிட்டேன். அது லூப்புக்கு வெளியே போய் நின்றுகொண்டது. பொறுக்கச் சொல்ல உள்ளே ஆளில்லாமல், லூப் மூச்சுவிடாமல் பொத்தானை அழுத்தத் தொடங்கியது. நானோ அதை நூலகக் கணினியில் ஓடவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். அன்று மதியமே ஏணியோடு வந்த மின்பணியாளர், இந்தத் தெருவில் எந்தப் பெரிய புள்ளி குடியிருக்கிறார் என்று வீடு வீடாக விசாரித்தாராம். சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், தெருவெல்லாம் வெளிச்சம்! வீட்டுக்காரர் விளக்கடியிலேயே நின்றுகொண்டிருந்தார். சரிசெய்யப்பட்டதாகத் தங்கள் தளம் சொன்ன நொடியில் லூப்பும் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் என் புரோகிராம் ஒரு நாள் பொறுமையாக இருந்திருக்கிறது.

7. தங்கள் பிரிவுக்கு இதனால் எவ்வளவு தலைவலி என்பது இப்போது தெரிகிறது. மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் தளம் திணறிய அன்று தாங்கள் வெளியிட்ட அறிவிப்பில் ‘அடையாளம் தெரியாத கும்பல் திட்டமிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்தக் கும்பல் நான் ஒருத்திதான். திட்டமும் இல்லை. படித்ததும் பயம் வந்தது உண்மை. கொஞ்சம் பெருமையாக இருந்ததும் உண்மை.

8. கணினியைத் திறக்கக் கொடுத்த அட்டை எண்ணை வைத்துப் பிறகு கண்டுபிடித்து, என் நூலக அட்டையை முடக்கிவிட்டதால் என்னால் கூடத்துக்குள் போக முடியவில்லை. என் புராஜெக்ட் அங்கேதான் இருக்கிறது. அட்டையைத் திறக்கத் தங்கள் அலுவலகத்தில் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுத்தார்கள். மன்னிப்புக் கோரும் முதல் வரிக்குக் கையெழுத்துப் போட்டேன். தளத்துக்கு இடைஞ்சல் தர மாட்டேன் என்ற இரண்டாவது வரிக்கும் போட்டேன். மூன்றாவது வரி: ‘இனி எந்தக் கணினியிலும் எவ்விதப் புரோகிராமும் எழுத மாட்டேன்.’ அங்கே பேனா நின்றுவிட்டது. கவுண்டரில் இருந்த ஊழியர் நல்ல மனுஷி. சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா, யார் வந்து பார்க்கப்போகிறார்கள், போட்டுவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு போங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். போட்டிருந்தால் இப்போது கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னால் முடியவில்லை.

9. நேற்று கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், பில் ரோலைக் கிழித்து அதன் பின்பக்கம் என் புரோகிராமை எழுதிப் பார்த்தேன். மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட இல்லை. இந்த இடத்தில் என்ன வேண்டும் என்று யோசித்தேன், வந்தது. அடுத்தது யோசித்தேன், அதுவும் வந்தது. நூலக வாசலில் காத்திருந்து தம்பியிடம் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, சரியாக இருக்கிறது அக்கா என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது ஐயா.

ஆகவே, வியாழக்கிழமை மாலைக்குள் என் அட்டையைத் திறந்துவிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதல் இரண்டு வரிகளுக்குக் கையெழுத்திட்டு, மூன்றாவதை அடித்த படிவத்தை இணைத்திருக்கிறேன். திறக்கத் தங்களுக்கு மனமில்லையென்றாலும் வெள்ளிக்கிழமை நான் தேர்வுக்குப் போவேன். அங்கே ஒரு கணினி கொடுத்தால் போதும், முதல் வரியிலிருந்து அவர்கள் கண் முன்னாலேயே எழுதிக் காட்டுவேன். எழுத மாட்டேன் என்று மட்டும் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள்.

இடம்: நகர நிர்வாக அலுவலகம், இரண்டாம் மாடிப் பெஞ்சு
நாள்: புதன்கிழமை, முற்பகல்

தங்கள் பதிலுக்கு இங்கேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்