வாழைக்கறை

பெங்களூர்
12-2-1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதமும் டாக்டரின் ரிப்போர்ட்டும் ஒரே நாளில் வந்தன. தோட்டத்தில் செருப்பில்லாமல் நடந்ததால்தான் குதிகாலில் புற்று வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை அண்ணே. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

தோலின் செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கி வைக்க அவற்றுக்குள்ளேயே ஒரு மரபணு இருக்கிறது. சிலருக்கு அது சிதையாமலே வேலையை நிறுத்திவிடுகிறது. பிறகு செல்கள் பெருகுவதைத் தடுக்க எதுவும் இல்லை. அது ஏன் நின்றுபோகிறது என்றுதான் ஆறு வருடமாக இங்கே தேடுகிறேன். இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது வேறொன்று. போன பொங்கலுக்கு முந்தின பொங்கலில், நீங்கள் வாய்க்காலில் கால் கழுவும்போது குதிகாலில் அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன்.

“இது என்னண்ணே?” என்று கேட்டேன்.

“வாழைக்கறைட்டி. தேய்ச்சாப் போயிரும்” என்றீர்கள்.

நானும் சிரித்துவிட்டு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறப் போய்விட்டேன். அந்தப் புற்றுச் செல்களைத் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவள் நான். என் அண்ணன் காலில் அவை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை மதினியிடம் நானே சொல்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.

தொடையிடுக்கில் புதிதாக வந்திருக்கும் கட்டியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதை நேரில் பேசுவோம்.

ஆய்வக வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஞாயிறு காலை வந்துவிடுவேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

உங்கள் தங்கை