ஹேர் டிரையரும் ரூபிடியம் பெட்டியும்

ஆர்லீன்,

பழைய ரேடியோ சாமான்கள் விற்கும் சந்தைக்குக் கிளம்பிவிட்டேன். உன்னை எழுப்பப் பயம். நேற்றைய கோபம் மிச்சமிருக்குமே!

முதலில் நல்ல செய்தி. நிலவறையில் கிடந்த ரூபிடியம் அணுக் கடிகாரப் பெட்டி பிழைத்துவிட்டது. முப்பது வருடம் உழைத்த பழைய சரக்கு அல்லவா, உள்ளே இருக்கும் குட்டி விளக்கின் கண்ணாடியில் ரூபிடியம் உலோகம் அப்பிக்கொண்டதால் அது எரிய மறுத்தது. விளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் சூடு காட்டினேன். ஊதா நிறத்தில் பற்றிக்கொண்டது!

சூடு காட்டியது உன் ஹேர் டிரையரால்தான். அதன் வாய் லேசாகக் கருகிவிட்டது. புதிது வாங்கி வருகிறேன்.

தயவுசெய்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்காதே. முன்பக்கச் சிவப்பு விளக்கு அணைந்தால் அது சீராக ஓடுகிறது என்று அர்த்தம். செத்துவிட்டதோ என்று போன முறை போலத் தட்டிப் பார்க்காதே.

நண்பன் கிளின்ட் வந்தால் காபி கொடு. பெட்டியின் மூடியைத் திறக்க விடாதே.

மீட்லோஃப் இறைச்சியில் பாதியைச் சாண்ட்விச்சாக்கி எடுத்துக்கொண்டேன்.

நேற்று உன் அக்கா முன்னால் கேட்டாயே: "முந்நூறு வருஷத்துக்கு ஒரு செகண்டுகூடத் தப்பாத கடிகாரம் வச்சிருக்க. கல்யாண நாள் சாப்பாட்டுக்கு முக்கா மணி நேரம் லேட்டு. வெக்கமா இல்ல?"

வெட்கம்தான். இன்று ஆறு மணிக்கு அதே உணவகத்தில் மேசைக்குச் சொல்லிவிட்டேன்.

வெர்ன்

பி.கு.: சந்தையில் இன்னொரு பெட்டி வாங்க மாட்டேன். உதிரிபாகத்துக்கு என்றால் அது வேறு.

இன்னொன்று: அந்தப் பெட்டிக்கு மணி என்னவென்றே தெரியாது. தாளம் தப்பாமல் துடிக்கும், அவ்வளவுதான். மணியை யாராவது சொல்ல வேண்டும். நானும் அந்த ரகம்தான். ஐந்தரைக்குப் போன் செய்.