ஜெசிந்தா எடுத்த அலாரம்

பாலவாக்கம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் ஆண்டனிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தங்கச்சியும் இங்கே சுகம், பஹ்ரைன் வெயிலில் நீயும் உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். வாரத்துக்கு நாலு தடவை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதம் எடுத்தான் என்று நினைப்பாய். பேசினால் பாதியிலேயே போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதனால்தான். நம் ஜெசிந்தா ஜெயித்துவிட்டாள் ஆண்டனி. எதில் என்று முதலிலிருந்து சொல்கிறேன், உனக்கு எழுதச் சொன்னதே அவள்தான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அவளை ரிலே ஓட்டத்துக்கு எடுத்தார்கள். அக்டோபரில் திருச்சியில் போட்டி, இரண்டு ராத்திரி மற்ற பிள்ளைகளோடு ஒரே ஹாலில் தங்க வேண்டும். இவள் முட்டி வலிக்கிறது, ஓட மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாள். தெருவில் பந்தயம் கட்டி ஓடுகிறவளுக்கு முட்டி எங்கே வலிக்கிறது, அம்மாவுக்குக் காரணம் தெரியும். ஒன்பது வயதாகியும் ராத்திரி படுக்கையில் ஒன்றுக்குப் போவது அவளுக்கு நிற்கவில்லை, வெளியே யாருக்கும் தெரியாமல் அம்மா மறைத்து வைத்திருந்தாள். நான் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "சோறு துன்னாமகூட இருந்துருவேன்பா, ஆனா அங்க போய் தூங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே நின்றாள். நான் அடிப்பேன் என்று பயந்திருக்கிறாள்.

அடையாறில் ஒரு பிள்ளைகள் டாக்டர், வஜீஹா என்று பேர், அவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சிறுநீர் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். பெரியவனுக்கு, உனக்குத்தான், பதினோரு வயதுவரை இருந்தது என்றாள் அம்மா. எனக்குப் பன்னிரண்டு வரைக்கும் என்று நான் சொன்னேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் உன் அம்மாவுக்கே அது அன்றுதான் தெரியும். தூக்கத்தில் தெரியாமல் நடப்பது, பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, திட்டினால் நிற்காது என்றார் டாக்டரம்மா. அப்போது உன் ஞாபகம்தான் வந்தது. நனைந்த பாயை உன் தலையில் ஏற்றி, படகுக்காரர்கள் பார்க்கத் தெருக்குழாய்வரை உன்னை நடக்கவிட்டேனே, ரோஷம் வந்தால் நின்றுவிடும் என்று. எனக்கே இருந்த ஒன்றுக்கு என் பிள்ளையை அப்படிச் செய்தேன். என்னை மன்னித்துவிடு ஆண்டனி. இந்த ஒரு வரிக்காகத்தான் காகிதம்.

படுக்கை நனைந்தால் சத்தம் போட்டு எழுப்புகிற அலாரம் ஒன்று இருக்கிறது, அதை வாங்குங்கள், ஆனால் பிள்ளையே பார்த்து எடுக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். தி.நகரில் ஒரு மருத்துவச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் தங்கவேல் மூன்று வகை எடுத்து வைத்தார். ஒன்று பெட்ஷீட்டுக்குக் கீழே விரிப்பது, ஒன்று ஒயரே இல்லாமல் அப்பா அம்மா தலைமாட்டில் அடிப்பது, ஒன்று ஜட்டியில் கிளிப் மாட்டி ஒயரைச் சட்டைக்குள் விட்டுத் தோளில் பெட்டியைக் குத்திக்கொள்வது. நான் எஞ்சின் மெக்கானிக் ஆயிற்றே, சொட்டு நீலம் போடுவதுபோல ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். விரிப்பு நன்றாக ஊறிய பிறகுதான் கத்தியது. ஒயர் இல்லாததுதான் புது மாடல் என்று நான் அதைக் கையில் எடுத்தேன். ஜெசிந்தா மூன்றையும் மறுபடி அடிக்கவிட்டுக் கேட்டுவிட்டுத் தோளில் குத்துகிற பெட்டியை எடுத்துக்கொண்டாள். "அது உன்கிட்ட கத்துதுபா, இது என்கிட்ட கத்துது. எய்ந்துக்க வேண்டியது நான்தானே" என்றாள். தங்கவேல் சிரித்துவிட்டு மற்ற இரண்டையும் உள்ளே வைத்துவிட்டார்.

முதல் பத்து நாள் அந்த அலாரத்துக்குப் பக்கத்து வீட்டு முத்துமாரி எழுந்தாள், நம்ம ஆள் எழவில்லை. நான்தான் பக்கத்தில் படுத்து, உட்காரவைத்து, முழுசாக விழிக்கவைத்து, பாத்ரூம்வரை நடத்திக் கூட்டிப்போனேன். காலையில் பெட்ஷீட்டை நானே அலசினேன், இதை நீ நம்ப மாட்டாய். மூன்றாவது வாரம் ஈரம் உள்ளங்கை அளவாகக் குறைந்தது. மாதா கோவில் திருவிழாவில் ஆடிக் களைத்து மூன்று நாள் வரிசையாக நனைந்தபோது பெட்டியைத் தூக்கி எறிந்தாள். மண்ணைத் துடைத்துப் பேட்டரியைச் சரி செய்து மறுபடி அவள் கையில் கொடுத்தேன், எனக்கு ஏழாம் கிளாஸ் வரைக்கும் இருந்துச்சு, உங்க அண்ணனுக்கும் இருந்துச்சு, இன்னிக்கு அவன் கப்பல்ல வேலை பாக்கறான்னு சொன்னேன். "அண்ணனுக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அன்று அவளே பெட்டியை மாட்டிக்கொண்டு படுத்தாள். செப்டம்பர் கடைசியில் ஒரு விடியற்காலை நான் கண் திறந்தால் பக்கத்தில் ஆள் இல்லை, அலாரம் அடிக்கவே இல்லை, இவள் தானாக எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்துகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வரிசையாகப் பதினான்கு நாள் காய்ந்த படுக்கை. இனி பெட்டி வேண்டாம் என்றுவிட்டார் டாக்டரம்மா.

முட்டி சரியாகிவிட்டது, ஓடுகிறேன் என்று அவளே டீச்சரிடம் போய்ச் சொல்லி, போன வாரம் திருச்சிக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பதற்குள் ஜன்னலில் தலையை நீட்டி, "ரெண்டு நாளும் காய்ஞ்சி கீதுபா!" என்று கத்தினாள். மற்ற அப்பா அம்மா எல்லாம் துவைத்த துணியைச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் உன் அம்மாவும் ரோட்டில் நின்று கைதட்டினோம். ரிலேயில் இரண்டாம் இடம் என்பதே பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்து சொன்னாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் டெக்கில் நிற்காதே. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, மறக்காமல் ஜெசிந்தாவுக்குப் போன் பண்ணு, உன் கதையை உன் வாயால் கேட்க வேண்டுமாம். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து இதே வந்தால் வெட்கப்படாமல் எனக்குச் சொல், கடைக்கு நானே கூட்டிப்போகிறேன், எதை எடுப்பது என்று உன் பிள்ளை சொல்லட்டும். ஆண்டவர் உன் கையையும் காலையும் காத்து, நல்ல தூக்கத்தைத் தரட்டும்.

உன் அப்பா,
மரியசெல்வம்