தண்ணீரில் இறங்கிய குவிமாடம்

அன்புள்ள ஸ்மரான்டாவுக்கு,

கோஸ்தாக்கே எழுதுவது. இங்கே நான் நலம். நீயும், நீ கவனித்துக்கொள்ளும் அந்த அம்மாளும் நலம்தானே? இத்தாலியில் உன் படோவா ஊருக்கு வரும் பார்சல் வேனில் பிளம் ஜாமும் ஆட்டுப்பால் சீஸும் கொடுத்தனுப்புகிறேன். ஜாம் லேசாக அடிப்பிடித்துவிட்டது, பொறுத்துக்கொள். உன் அக்கா ஒருவழியாக முழங்கால் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டாள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது போனில் வாய்க்கு வரவில்லை.

மூடிக்கிடக்கும் நம் சர்க்கஸ் கட்டடத்துக்கு நான் காவல் இருப்பது உனக்குப் பிடிக்காது. "பூட்டின இடத்துல எதைத் திருடப் போறாங்க, சிங்கத்தையா?" என்று போன வருஷம்கூடக் கேட்டாய். வெள்ளிக்கிழமை அங்கே அனுமதிச் சீட்டோடு ஒரு பெண் வந்தாள். பெயர் லாவினியா. கைவிடப்பட்ட கட்டடங்களை இரவில் படமெடுக்கிறவள். நாம் ஒன்பது வருஷம் குளிருக்குத் திட்டித் தீர்த்த அந்தக் கான்கிரீட்டை அவள் கைக்குட்டையால் துடைத்துத் தொட்டுப் பார்த்தாள். கூரை ஒழுகி, நாம் ஊஞ்சல் வித்தை காட்டிய வட்டத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. "மாமா, தயவுசெஞ்சு இதை இறைச்சிடாதீங்க" என்று கெஞ்சினாள்.

கேமராவை இருபது நிமிஷம் திறந்தே வைப்பாளாம். அதற்குள் மேலே, கூரையை ஒட்டிய கம்பி போட்ட நடைபாதையில் ஒருவர் நடந்துகொண்டே, குவிமாடத்தைத் தாங்கும் விலாக்கள் ஒவ்வொன்றின் மேலும் டார்ச் அடிக்க வேண்டும். நடப்பவர் படத்தில் விழமாட்டார், வெளிச்சம் மட்டும் விழும். "அப்ப நான் பேயா?" என்றேன். "பேயாவது எப்பவாவது தெரியும் மாமா, நீங்க சுத்தமாத் தெரியமாட்டீங்க" என்றாள். ஆனால் நான் இரும்பேணியில் கால் வைத்ததும் அவள் குரல் மாறிவிட்டது. "இந்த வயசுல வேணாம், விழுந்து வெச்சா என்னைத்தான் உள்ள போடுவாங்க!"

பதினான்கு வருஷம் கழித்து ஏறினேன், ஸ்மரான்டா. கால்களுக்கு ஒவ்வொரு படியும் நினைவிருந்தது.

முப்பத்தாறு விலாக்கள். நாம் ஒருநாளாவது எண்ணியிருப்போமா? டார்ச் பட்டதும் ஒவ்வொன்றும் இருட்டிலிருந்து எழுந்து உச்சி வளையத்தில் போய்ச் சேர்ந்தது. அத்தனை பாரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றது. பிறகு கீழே பார்த்தேன். தரை இல்லை. தண்ணீருக்குள் இன்னொரு குவிமாடம் தலைகீழாக இறங்கிக் கிடந்தது, அதே ஆழம், அதே விலாக்கள், உடைந்த கூரை வழியே தெரிந்த நட்சத்திரங்கள்கூட. நடுவில் நான் மட்டும் தொங்கினேன். எனக்குப் பயம் வரவில்லை. இவ்வளவு பெரிய ஒன்றுக்குள்ளா வெறும் கைதட்டலை எண்ணிக்கொண்டு பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன், பறந்து வரும் உன்னைப் பிடிக்க நான் தலைகீழாகத் தொங்கிய என் ஊஞ்சல் இருந்த இடத்திலேயே நிற்கிறேன். அதற்குப் பிறகு கால் நகரவில்லை.

நீ விழுந்த அன்றைக்கு, உன் ஊஞ்சலிலிருந்து நீ சீக்கிரம் கையை விட்டுவிட்டாய் என்று டைரக்டர் சொன்னார். நீயும் நம்பினாய். மணிக்கட்டு உடைந்து கிடந்தபோதுகூட என்னிடம் நீதான் மன்னிப்புக் கேட்டாய். நீ சரியான நேரத்தில்தான் விட்டாய், ஸ்மரான்டா. நான்தான் கை நீட்டப் பிந்தினேன். குடிக்கமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருந்தும், அன்று மத்தியானம் இரண்டு கிளாஸ் ஒயின் குடித்திருந்தேன். வேலை போய்விடும் என்று முதலில் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் நீயே என்னை விட்டுப் போய்விடுவாய் என்று மூடிக்கொண்டேன். கடைசியில் நீ எப்படியும் இத்தாலிக்குப் போய்விட்டாய்.

இறங்கி வந்ததும் லாவினியா படத்தைக் காட்டினாள். "மாமா, ரொம்ப நேரம் அசையாம நின்னுட்டீங்க, படத்துல விழுந்துட்டீங்க" என்றாள். பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். மேலே ஒரு குவிமாடம், கீழே ஒரு குவிமாடம், நடுவில் புகைபோல ஓர் ஆள். நடைபாதைக் கம்பிக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருக்கிறான். நீட்டியது எனக்கே தெரியாது.

படத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். திட்டுவதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு.

உன்
கோஸ்தாக்கே